வக்கீலின் குறிப்பேடு எங்கே இருக்க வேண்டும்?

2025 ஜூன் மாதம் சென்னையைச் சேர்ந்த மூத்த வழக்கறிஞர் அரவிந்த் தத்தாருக்கு அமலாக்கத் துறை சம்மன் அனுப்பியது. ஒரு நிறுவனத்துக்கு அவர் தந்திருந்த சட்டக் கருத்துதான் காரணம். வழக்கறிஞர் சங்கங்கள் கொதித்தெழுந்தன. சம்மன் திரும்பப் பெறப்பட்டது. அடுத்த சில நாட்களில் இன்னொரு மூத்த வழக்கறிஞர் பிரதாப் வேணுகோபாலுக்குச் சம்மன் போனது, அதுவும் திரும்பப் பெறப்பட்டது. இப்படிப்பட்ட சம்மன்களை உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்து, அக்டோபர் 31 அன்று தீர்ப்பளித்தது. சட்டம் அனுமதிக்கும் விதிவிலக்குகளில் அடங்கினால் ஒழிய வழக்கறிஞரை அழைத்துக் கட்சிக்காரரைப் பற்றிக் கேட்கக் கூடாது, அப்படி அழைப்பதற்கும் காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும் என்பது அதன் சாரம். பத்திரிகைகள் இந்தப் பகுதியைப் பெரிதாகப் போட்டன. அதே தீர்ப்பில் வழக்கறிஞரின் டிஜிட்டல் கருவிகளைப் பற்றிய பகுதி அவ்வளவாகப் பேசப்படவில்லை. போன், லேப்டாப் போன்றவற்றை விசாரணை அதிகாரி தன் மேசையில் வைத்துத் திறந்துவிட முடியாது. நீதிமன்றத்தில்தான் ஒப்படைக்க வேண்டும். கட்சிக்காரருக்கு நோட்டீஸ் கொடுத்து ஆட்சேபங்களைக் கேட்க வேண்டும். திறப்பதானால் கட்சிக்காரரும் வழக்கறிஞரும் அருகில் இருக்க, அவர்கள் தேர்ந்தெடுக்கும் தொழில்நுட்ப வல்லுநர் உதவியோடு திறக்க வேண்டும். மற்றக் கட்சிக்காரர்களின் ரகசியம் வெளியே வரக் கூடாது.

நல்ல பாதுகாப்புதான். ஆனால் அது கருவிக்குத் தரப்பட்ட பாதுகாப்பு. இன்று மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, தி.நகர், அடையாறு வட்டாரத்தில் வீட்டோடு ஆபீஸ் வைத்திருக்கும் வழக்கறிஞர்களிடம் வேலை பார்க்கும் ஜூனியர்கள் எங்கே குறிப்பெழுதுகிறார்கள்? கூகுள் கீப், ஒன்நோட், நோஷன், எவர்நோட் என்று ஏதோ ஒன்றில். அதுவும் இல்லையென்றால் வாட்ஸ்அப்பில் தனக்குத் தானே அனுப்பிக்கொள்ளும் செய்தியாக. இந்தச் செயலிகளில் பெரும்பாலானவற்றில் குறிப்பின் மூலப்பிரதி இருப்பது நிறுவனத்தின் சர்வரில். கையில் இருக்கும் போன் அதைப் பார்க்கும் ஜன்னல் மட்டுமே. அந்தப் போனைக் கைப்பற்ற வருகிறவருக்கு உச்ச நீதிமன்றம் இத்தனை வாசல்படிகளை வைத்திருக்கிறது. குறிப்பு உண்மையில் கிடக்கும் இடத்துக்கு எத்தனை படி? வழக்கறிஞர் வேலையில் டிஜிட்டல் குறிப்பேடு கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. கட்டாயம் வேண்டும் என்பதே என் கட்சி. ஆனால் அது எங்கே இருக்கிறது, யார் திறக்கலாம், எப்போது அழிக்கப்படும் என்பதை ஜூனியரின் தனிப்பட்ட வசதிக்கு விட்டுவிட முடியாது. தொழில் ஒழுங்கு விதியாகவே அது எழுதப்பட வேண்டும்.

காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் 126ஆம் பிரிவாக இருந்து, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய சட்டத்தின் 132ஆம் பிரிவாக வந்திருக்கும் விதி, கட்சிக்காரர் தொழில்முறையில் சொன்னதை அவருடைய சம்மதம் இல்லாமல் வழக்கறிஞர் வெளியிடக் கூடாது என்கிறது. வழக்கு முடிந்த பிறகும் அந்தக் கடமை முடிவதில்லை. இந்திய பார் கவுன்சிலின் நடத்தை விதிகளும் இதை மீறுவதைத் தொழில் ஒழுங்கு மீறலாகவே வைத்திருக்கின்றன. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: இந்தக் கடமை வழக்கறிஞரோடு நிற்பதில்லை, மொழிபெயர்ப்பாளருக்கும் குமாஸ்தாவுக்கும் ஊழியருக்கும் நீள்கிறது. 150 ஆண்டுகளுக்கு முன்பு சட்டம் எழுதியவர்களுக்கு வக்கீல் ஆபீஸ் எப்படி நடக்கிறது என்று தெரிந்திருந்தது. வழக்குக் கட்டைத் தூக்குபவர், நகல் எடுப்பவர், தமிழ்ப் பத்திரத்தை ஆங்கிலத்தில் சொல்பவர் என்று ரகசியம் எந்தெந்தக் கைகள் வழியாகப் போகும் என்று பார்த்து, அந்தக் கைகளையும் கட்டிப்போட்டார்கள். குறிப்பெழுதும் செயலியை நடத்தும் நிறுவனம் அந்தப் பட்டியலில் இல்லை. அது குமாஸ்தாவும் அல்ல, ஊழியரும் அல்ல. அதற்கும் நமக்கும் நடுவே இருப்பது, யாரும் படிக்காமல் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று தட்டிவிட்ட ஒரு பயன்பாட்டு ஒப்பந்தம்.

அந்த ஒப்பந்தத்தை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு எவர்நோட்டின் கதையே போதும். ஒரு காலத்தில் குறிப்பெழுதும் செயலி என்றாலே அதுதான். 2013இல் அதன் அமைப்புக்குள் ஊடுருவல் நடந்து, சுமார் 5 கோடிப் பயனாளர்கள் கடவுச்சொல்லை மாற்ற வேண்டி வந்தது. 2016 டிசம்பரில், இயந்திரக் கற்றலைச் சரிபார்க்க ஊழியர்கள் சில குறிப்புகளைப் படிக்கக்கூடும் என்று தனியுரிமைக் கொள்கையைத் திருத்தப்போவதாக அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கியது. பிறகு நிறுவனம் கைமாறியது. 2023 டிசம்பரில் இலவசக் கணக்குக்கு 50 குறிப்பு, ஒரே ஒரு நோட்டுப் புத்தகம் என்று வரம்பு போட்டது. இதில் எதுவும் சட்டவிரோதம் இல்லை. வியாபாரம் நடத்துகிறவர் செய்வதைத்தான் அவர்கள் செய்தார்கள். ஒரு சிவில் வழக்கு முன்சீப் கோர்ட்டில் தொடங்கி இரண்டாம் மேல்முறையீடு வரை போய் முடிய 20 ஆண்டு எடுக்கலாம். அந்த வழக்கின் குறிப்பை அவ்வளவு காலம் அதே நிபந்தனையில் வைத்திருப்போம் என்று எந்தச் செயலி நிறுவனமும் வாக்குக் கொடுத்ததில்லை. மோசில்லா நிறுவனம் நடத்திய பாக்கெட் என்ற சேவை 2025 ஜூலையில் மூடப்பட்டது. கூகுள் தன் நோட்புக் சேவையை 2012இல் மூடியது.

அக்டோபர் தீர்ப்பில் இன்னொரு நுட்பமான இடம் இருக்கிறது. கட்சிக்காரர் சொன்ன செய்திக்குத்தான் 132ஆம் பிரிவின் பாதுகாப்பு. வழக்கறிஞர் கையில் இருக்கிறது என்பதற்காகவே ஓர் ஆவணத்துக்கு அந்தப் பாதுகாப்பு வந்துவிடாது, முறைப்படி கேட்டால் நீதிமன்றத்தில் தாக்கல் செய்தாக வேண்டும் என்று நீதிமன்றம் பிரித்துச் சொல்லியிருக்கிறது. காகிதக் கட்டில் இந்தப் பிரிப்பு தானாகவே இருந்தது. மூலப் பத்திரங்கள் ஒரு உறையில், பிராதும் எதிர்வழக்குரையும் தனியாக, சீனியரிடம் கான்ஃபரன்ஸில் கட்சிக்காரர் சொன்னதை எழுதிய நோட்டு இன்னும் தனியாக. டிஜிட்டல் குறிப்பேட்டில் ஒரே பக்கத்தில் கிரயப் பத்திரத்தின் ஸ்கேன், அதற்குக் கீழே ‘இந்தக் கையெழுத்து அண்ணனுடையது இல்லை என்கிறார், ஆனால் உறுதியாகச் சொல்லவில்லை’ என்ற ஜூனியரின் வரி, அதற்கும் கீழே வாதத்துக்கான ஐந்து தீர்ப்புகள். செயலிகள் இப்படிக் கலப்பதைத்தான் தங்கள் பெருமையாக விளம்பரம் செய்கின்றன. ஆவணத்தைத் தரச் சொல்லி உத்தரவு வரும் நாளில், எதைக் கொடுப்பது எதைக் கொடுக்காமல் இருப்பது என்று அந்தப் பக்கத்தைக் கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டிருக்க முடியாது. ஆவணம் ஓரிடம், கட்சிக்காரரின் சொல் ஓரிடம், வக்கீலின் சிந்தனை ஓரிடம் என்று முதல் நாளே பிரித்து வைக்கிற பழக்கம் இப்போது வெறும் ஒழுங்கு அல்ல, சட்டத் தேவை.

‘காகிதம் மட்டும் பத்திரமா?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. வக்கீல் ஆபீஸ் திண்ணையில் கட்டுகள் திறந்து கிடக்கும். எதிர்த்தரப்புக் குமாஸ்தா வந்து உட்காரும் பெஞ்சும் அதே அறையில்தான் இருக்கும். ஜெராக்ஸ் கடையில் பத்திரம் அரை நாள் காத்திருக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றின் கரையோரம் தண்ணீர் வீடுகளுக்குள் புகுந்தபோது என்னவாயிற்று என்று இந்த ஊருக்கு நினைவிருக்கும். பத்திரமும் சான்றிதழும் போனவர்களுக்கு நகல் கொடுக்க அரசு சிறப்பு முகாம்கள் நடத்த வேண்டி வந்தது. 2023இல் மிக்ஜாம் புயல் மழையிலும் நகரம் மூழ்கியது. தரைத்தளத்தில் அலமாரி வைத்திருக்கும் எந்த ஆபீஸும் டிஜிட்டல் நகல் இல்லாமல் இருப்பது அசட்டுத் துணிச்சல். ஆகவே காகிதத்துக்குத் திரும்பச் சொல்லும் வாதம் நிற்காது. ஆனால் காகிதம் கசிந்த விதத்துக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது: திறந்து கிடக்கும் கட்டிலிருந்து ஒரு வழக்கு கசியும், ஒரு கடவுச்சொல் போனால் அந்த ஆபீஸின் எல்லா வழக்கும் போகும், போனது யாருக்கும் தெரியாமலும் போகும்.

டிஜிட்டல் குறிப்பின் பயனைக் குறைத்துச் சொல்லவும் வேண்டாம். இந்த ஊர் வக்கீல்களின் அறிவுச் செல்வமே குறிப்பெழுதுவதில்தான் வளர்ந்தது. 1891இல் தொடங்கிய ‘மெட்ராஸ் லா ஜர்னல்’, 1914இல் தொடங்கிய ‘லா வீக்லி’ இரண்டும் மயிலாப்பூர் வக்கீல்களின் உழைப்பு. எந்தத் தீர்ப்பு எதைச் சொன்னது, பின்னால் வந்தது எதை மாற்றியது என்று தலைப்பிட்டு அடுக்கி, அட்டவணை போட்டுத் தொழிலுக்கே பொதுவாக்கிய குறிப்புகள்தான் அவை. இன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் 2023 ஜனவரியில் வந்த இ-எஸ்.சி.ஆர். தளத்தில் இலவசம். தீர்ப்பைத் தேடிக் கண்டுபிடிப்பது பெரிய வித்தை அல்ல என்றாகிவிட்டது. வழக்கின் உண்மைகளை ஒழுங்குபடுத்துவதுதான் இப்போது வித்தை: வாதியின் முதல் சாட்சி (வா.சா.1) முதல் விசாரணையில் என்ன சொன்னார், குறுக்கு விசாரணையில் எங்கே நழுவினார், அவர் சொன்ன தேதிக்கும் வில்லங்கச் சான்றில் உள்ள பதிவுத் தேதிக்கும் எத்தனை நாள் இடைவெளி. இதைத் தேதிவாரியாகவும் சாட்சிவாரியாகவும் மாற்றி மாற்றி அடுக்கிப் பார்க்க டிஜிட்டல் குறிப்புக்கு நிகர் கிடையாது.

ஆனால் நம்முடைய வழக்குகள் இரண்டு மொழியில் ஓடுகின்றன, அங்கேதான் இந்தச் செயலிகள் தடுமாறுகின்றன. 1956ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஆட்சிமொழிச் சட்டத்தில் 1976இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு கீழமை நீதிமன்றங்களில் சாட்சியமும் தீர்ப்பும் தமிழில் இருக்கலாம். உயர் நீதிமன்றத்துக்கு வந்தால் ஆங்கிலம். ஒரு மேல்முறையீட்டின் குறிப்பேட்டில் பாதி தமிழ், பாதி ஆங்கிலம். தேடல் பெட்டியில் ‘பத்திரம்’ என்று போட்டால் ‘பத்திரத்தில்’, ‘பத்திரத்தை’ என்று எழுதிய இடங்களை எளிய தேடல் காட்டாது; ‘பத்திர’ என்று நிறுத்தித் தேடத் தெரிந்திருக்க வேண்டும். பழைய ஆவணங்களின் நிலை இன்னும் மோசம். 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரநிலையாக ஏற்றுக்கொண்டது. ஆனாலும் வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த மனுக்களும் நகல்களும் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. திரையில் அழகான தமிழாகத் தெரியும், எடுத்து ஒட்டினால் புரியாத ஆங்கில எழுத்துக் குவியல் வரும். இதை அறியாத ஜூனியர், தேடிப் பார்த்துவிட்டு ‘சாட்சியத்தில் அப்படி ஒன்றும் இல்லை சார்’ என்று சொல்லும் ஆபத்து நிஜமானது. காகிதத்தில் விரல் வைத்துப் படித்தவர் இந்தப் பிழையைச் செய்ய மாட்டார். அதனால் தமிழ்ச் சாட்சியத்துக்குத் தேடலை நம்பாமல், சாட்சி எண், பக்க எண், பொருள் என்று கையால் அட்டவணை போடும் பழைய முறையை டிஜிட்டல் குறிப்பேட்டுக்குள் கொண்டுவர வேண்டும். சலிப்பான வேலைதான். நிறுவனங்கள் நமக்காக இதைச் செய்து தரும் நாள் வரும் என்று காத்திருப்பதில் பொருளில்லை.

குறிப்பெழுதப் பழகும் மாணவர்களைப் பற்றி நீண்ட நாளாக ஒரு வாதம் உண்டு: கையால் எழுதினால்தான் மனதில் நிற்கும் என்பது. 2014இல் முல்லர், ஓப்பன்ஹைமர் என்ற இரு ஆய்வாளர்கள், லேப்டாப்பில் குறிப்பெடுப்பவர்கள் பேச்சை வார்த்தைக்கு வார்த்தை தட்டச்சு செய்துவிடுவதால் கருத்து சார்ந்த கேள்விகளில் பின்தங்குகிறார்கள் என்று காட்டிய கட்டுரை உலகம் முழுக்கச் சுற்றியது. 2019இல் மற்றவர்கள் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது வேறுபாடு அவ்வளவு தெளிவாக வரவில்லை. பேனாவா விசைப்பலகையா என்பதைவிட, கேட்டதைத் தன் சொல்லில் சுருக்குகிறாரா என்பதுதான் முக்கியம் என்றே எனக்குப் படுகிறது. தேர்வு வேறு விஷயம். உரிமையியல் நீதிபதி பதவிக்கான எழுத்துத் தேர்வில் பேனாதான் பேசும். அகில இந்திய பார் தேர்வில் குறிப்பில்லாத வெறும் சட்டப் புத்தகத்தைத்தான் உள்ளே விடுகிறார்கள், ஆக அங்கே குறிப்பேடே கிடையாது. தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகமும், கிரீன்வேஸ் சாலையிலுள்ள மாநில நீதித்துறை அகாடமியும் வழக்குக் குறிப்பு எழுதுவதை ஒரு தனிப் பயிற்சியாக, கையிலும் திரையிலும், சொல்லிக் கொடுத்தால் பேனா விவாதம் தானே ஓய்ந்துவிடும்.

செயற்கை நுண்ணறிவு இப்போது குறிப்புச் செயலிகளுக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கிறது. ‘சுருக்கிச் சொல்’ என்றால் சுருக்கித் தருகிறது. 2023 ஜூனில் நியூயார்க் நீதிமன்றம் இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தது தெரிந்த கதை. நமக்கு அருகிலேயே, 2024 டிசம்பரில் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் பெங்களூரு அமர்வு பிறப்பித்த ஓர் உத்தரவில், இல்லாத உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளோடு சென்னை உயர் நீதிமன்றத்தின் பெயரில் ஒரு கற்பனைத் தீர்ப்பும் இடம்பெற்று, அந்த உத்தரவே திரும்பப் பெறப்பட்டது. 2025 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம் மாவட்ட நீதித்துறைக்கு ஒரு கொள்கை வகுத்தது: தீர்ப்பு முடிவுக்குச் செயற்கை நுண்ணறிவு கூடாது, ஒப்புதல் பெறாத இணையவழிக் கருவிகளில் வழக்கு விவரங்களை இடக் கூடாது. நீதிபதிகளுக்கு இவ்வளவு கட்டுப்பாடு இருக்கும்போது, கட்சிக்காரரின் வாக்குமூலத்தை முதலில் கேட்டு எழுதும் ஜூனியருக்கு எதுவுமே இல்லை.

அந்த ஜூனியரின் நிலையைப் பார்க்காமல் விதி எழுதினால் அது காகிதத்தில்தான் இருக்கும். இதுதான் எனக்குத் தெரிந்து மிக வலுவான ஆட்சேபம். 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் தர வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பும்படி தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. நீதிமன்றம் சொல்லித்தான் இது நடக்க வேண்டியிருக்கிறது என்பதே நிலைமையைச் சொல்லும். அந்தச் சம்பளத்தில், அல்லது அதுகூட இல்லாமல், தன் சொந்தப் போனில், தன் சொந்த மின்னஞ்சலில் திறந்த இலவசக் கணக்கில் அவர் சீனியரின் கட்சிக்காரரைப் பற்றி எழுதுகிறார். சந்தா கட்டச் சொன்னால் எங்கே போவார்? நியாயம். அதனால்தான் செலவு சீனியருடையதாக இருக்க வேண்டும். பெரிய செலவும் இல்லை. அப்சிடியன் போன்றவை இலவசம். ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே சாதாரண உரைக் கோப்புகளாகச் சேமிக்கலாம். நாளை அந்தச் செயலி மறைந்தாலும் கோப்பு எதிலும் திறக்கும். தினமும் ஒரு மறையாக்கம் செய்த வன்தட்டில் நகல் எடுத்து, அதை வேறு கட்டடத்தில் வைத்தால் வெள்ளத்துக்கும் பயமில்லை. வாய்தா தேதியும் கோர்ட் ஹால் எண்ணும் எந்தச் செயலியில் இருந்தாலும் இருந்துவிட்டுப் போகட்டும். அது காஸ் லிஸ்ட்டிலேயே பகிரங்கமாக இருக்கிறது. கட்சிக்காரர் சொன்னதுதான் வெளியே போகக் கூடாதது.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 இதையெல்லாம் பார்த்துக்கொள்ளும், தனியாக பார் கவுன்சில் விதி எதற்கு என்று சிலர் சொல்லலாம். அந்தச் சட்டம் சட்ட உரிமைகளை நிலைநாட்டத் தேவையான தரவுப் பயன்பாட்டுக்குப் பெரும்பாலான கடமைகளிலிருந்து விலக்குத் தருகிறது. சம்மதம், அழித்தல் போன்ற கடமைகள் வக்கீல் ஆபீஸை அவ்வளவாகத் தொடாது. ஆனால் தரவு கசியாமல் நியாயமான பாதுகாப்பு ஏற்பாடு செய்யும் கடமைக்கு விலக்கு இல்லை. அதில் தவறினால் அபராத உச்சவரம்பு 250 கோடி ரூபாய். எது ‘நியாயமான ஏற்பாடு’ என்பதை மயிலாப்பூரில் இரண்டு ஜூனியரோடு நடக்கும் ஆபீஸுக்குப் பொருந்தும்படி யாராவது எழுதியாக வேண்டும். எழுதத் தகுந்தவர்கள் வக்கீல்கள்தான். அழித்தலையும் அவர்கள்தான் எழுத வேண்டும். ஆர்.டி. சக்சேனா வழக்கில் 2000ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், பீஸ் பாக்கி என்பதற்காகக் கட்சிக்காரரின் கட்டைப் பிடித்து வைக்க வழக்கறிஞருக்கு உரிமை இல்லை என்றது. கட்டைத் திருப்பிக் கொடுத்த பிறகு, ஐந்து வருடம் முன்பு ஆபீஸை விட்டுப்போன ஜூனியரின் பழைய கணக்கில் அந்தக் கட்டின் ஸ்கேன் இருந்தால் அது திருப்பிக் கொடுத்ததாகுமா? இன்று ஒரு ஜூனியர் வேறு சேம்பருக்கு, சில சமயம் எதிர்த்தரப்பு வக்கீலின் சேம்பருக்கே, மாறும்போது மேசைச் சாவியைத் திருப்பி வாங்குகிறார்கள். குறிப்புச் செயலியின் கணக்கைப் பற்றி யாரும் கேட்பதில்லை. சம்பளத்துக்குச் சுற்றறிக்கை அனுப்பும்படி உத்தரவு பெற்ற அதே பார் கவுன்சில் இதற்கும் ஒன்றை அனுப்பலாம்: குறிப்புக் கணக்கு ஆபீஸின் பெயரில், ஜூனியருக்கு அனுமதி மட்டும், விலகும் நாளில் அனுமதி நீக்கம், வழக்கு முடிந்து கட்டு திரும்பும்போது டிஜிட்டல் நகலும் ஒப்படைப்பு. தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம். 2027 மே மாதத்துக்குள் அந்தச் சுற்றறிக்கை ஒவ்வொரு ஆபீஸுக்கும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.